மிச்சத்தை எடுத்துக்கொண்டவர்

எங்கள் அலுவலகத்தில் யாராவது இனிப்பும் காரமும் வாங்கி வந்தால் தட்டு ஒவ்வொரு மேசையாகப் போகும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேசைக்கு வந்ததும் நிற்காமல் அடுத்தவருக்கு நகர்ந்துவிடும். எல்லோரும் எடுத்த பிறகு திரும்பி வரும் தட்டில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். வற்புறுத்தினால் ஒரே பதில்தான்.

"நீங்க எடுங்க அண்ணாச்சி. மிச்சத்தை நான் எடுத்துக்கிடுதேன்."

அவர் என்னைவிடச் சில வயது இளையவர். பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அப்பாவுக்கு மானாவாரி நிலம். திருநெல்வேலியில் விடுதியில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருந்த ஒரே ஆள் நான். அவர் வந்ததும் இருவரானோம்.

மாலையில் கல்லூரி வாசலில் பஸ் வந்து நின்றால் எல்லோரும் முண்டியடித்து ஏறுவார்கள். அவர் கடைசியில் ஏறுவார். அதில் சலிப்போ தியாகமோ எதுவும் முகத்தில் தெரியாது. வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல அது அவருக்கு ஒரு பழக்கம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அலுவலக உதவியாளராக இருந்த கோமதி அக்காவுக்கு மட்டும் அது பொறுக்காது.

"ஏட்டி, ஒனக்கு எதுதான் புடிக்கும்? ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லேன்."

"எல்லாம் புடிக்கும்க்கா."

"எல்லாம் புடிக்கும்னு சொல்லுதவள எப்படிட்டி கட்டிக் குடுப்பாவ? மாப்பிள்ளையும் மிச்சம் கெடக்கிறவனத்தான் எடுப்பியோ?"

"கெடந்தா எடுத்துக்கிட வேண்டியதுதான்."

அலுவலகமே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்று மாலையே கோமதி அக்கா எங்களுக்கெல்லாம் ஓர் உத்தரவு போட்டார். "இனிமே தட்டுல லட்டு இருந்தா ஒருத்தரும் கடைசி லட்டத் தொடக் கூடாது. பாவம், அந்தப் புள்ளைக்கு எப்பவும் காராச்சேவுதான் மிஞ்சுது." அதன் பிறகு நாங்கள் ஒழுங்காக ஒரு லட்டை விட்டுவைத்தோம். அவர் அதைக் காராச்சேவைச் சாப்பிட்ட அதே முகத்தோடு சாப்பிட்டார். எங்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா சமயம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரதவீதியில் கல்லூரிக்கு ஒரு சேர்க்கை அலுவலகம் உண்டு. அதற்கு இணைய இணைப்பு எதிர்க்கட்டட மாடியிலிருந்து தெருவுக்குக் குறுக்கே தொங்கும் கம்பியில் வந்தது. தேர் வருவதற்கு முன்னால் கம்பியை அவிழ்த்து, தேர் தாண்டியதும் மறுபடி கட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆள் மாடியிலேயே காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் தேர் பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அவர், "நீங்கல்லாம் போங்க, நான் இருந்துக்கிடுதேன்" என்றார். நான் கூட்டத்தில் நசுங்கி, யாருடைய தோளுக்கோ மேலாகத் தேரின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மாடிக்குப் போனபோது அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவிழ்த்த கம்பி காலடியில் சுருட்டிக் கிடந்தது. தேர் அவருக்கு நேர் எதிரே, அவர் கண் மட்டத்தில், அசைந்து போய்க்கொண்டிருந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அவருடைய வேலையைப் பற்றி. எங்கள் இருவருக்கும் எல்லா வேலையும் வரும். சம்பளப் பட்டியலுக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் புரோகிராம் எழுதுவோம். ஆய்வகங்களுக்குக் கம்பி இழுப்பதும், சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வதும், யாருக்காவது இணையம் வரவில்லை என்றால் ஓடுவதும் நாங்கள்தான். அவர் எழுதியதில் எனக்கு இன்றும் மறக்காதது தேர்வறையில் மாணவர்களை உட்கார வைக்கும் புரோகிராம். ஒரே துறைப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. முன்பெல்லாம் தேர்வுப் பொறுப்பாளர் பெரிய தாளில் கட்டம் போட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார். கடைசியில் எந்தக் கட்டத்திலும் அடங்காத சில பேரை வராந்தாவில் பெஞ்ச் போட்டு உட்கார வைப்பார்கள்.

நானும் எழுதிப் பார்த்திருந்தேன். எனக்கும் அந்த வராந்தாக் கூட்டம் மிஞ்சியது. அவர் என் புரோகிராமை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் புதிதாக ஒன்று எழுதி வந்தார். யாரும் மிஞ்சவில்லை.

"எப்படிம்மா?" என்றேன்.

"கடைசியில இடம் கெடைக்காம போறவங்க யாருன்னு முன்னாலயே தெரியுமே அண்ணாச்சி. அவங்கள மொதல்ல உக்கார வச்சுட்டேன். மத்தவங்களுக்கு எங்கன வேணும்னாலும் இடம் இருக்கு."

அதைச் சொன்னபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன.

அந்த ஆண்டுதான் கல்லூரிச் செயலர் எங்களைக் கூப்பிட்டார். குருவிகுளம் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பம். கல்லூரியையும் பருத்திக் காட்டைப் போலத்தான் நடத்துவார். எது யார் பொறுப்பு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

"வே, நெட்டு நின்னா புரோகிராம்ல கோளாறுங்கிறிய. புரோகிராம் நின்னா நெட்டுல கோளாறுங்கிறிய. நான் யாரப் புடிச்சுக் கேக்க? ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கோங்க. ஒருத்தர் புரோகிராமர். ஒருத்தர் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேட்டர். யாரு எதுன்னு நீங்களே பேசிட்டு வந்து சொல்லுங்க. நான் சொன்னா பெறகு என்னையக் கொறை சொல்லுவிய."

வெளியே வந்ததும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது, இது மேசை மாறுகிற விஷயம் இல்லை என்று. அதுவரை இரண்டும் தெரிந்தவர்களாக இருந்தோம். இனி ஒன்றில்தான் கை பழகும். புரோகிராம் எழுதுகிறவர் தான் எழுதியதைக் காட்டி வெளியூரில் வேலை கேட்கலாம். நெட்வொர்க்கிலும் மேலே போகலாம்தான். ஆனால் அதற்குப் பெரிய நகரத்தில் பெரிய கருவிகளைத் தொட்டுப் பழக வேண்டும், தேர்வுகள் எழுத வேண்டும். எங்கள் வளாகத்தில் இருந்ததோ சில கட்டடங்களும், ஒரு சர்வர் அறையும், எலி கடித்த கம்பிகளும்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நெட்வொர்க்தான் பிடித்திருந்தது. ஒவ்வொரு கம்பியின் இரண்டு முனையிலும் எண் எழுதி ஒட்டுவது, எந்தக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்று படம் வரைந்து சுவரில் மாட்டுவது, இதெல்லாம் எனக்கு மனநிறைவு தரும். புரோகிராம் எழுதுவேன், ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் எழுதுவேன்.

கேன்டீனில் வைத்துக் கேட்டேன். "உங்களுக்கு எது வேணும்மா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

"நீங்க எடுங்க அண்ணாச்சி."

"அது எப்படி? உங்க வாழ்க்கையும் இதுல இருக்குல்லா."

"இருக்கட்டும். நீங்கதான மூத்தவங்க. மொதல்ல நீங்க எடுங்க. மிச்சத்தை நான் எடுத்துக்கிடுதேன்."

மறுநாளும் கேட்டேன். அதே பதில், அதே சிரிப்பு. ஒருவர் வாயால் கேட்கவே மாட்டார், மிஞ்சியதைத்தான் எடுப்பார் என்றால், அவருக்குப் பிடித்ததை மிச்சம் வைப்பது ஒன்றுதான் நம்மால் ஆவது. லட்டு விஷயத்தில் நாங்கள் செய்தது அதுதானே. ஆகவே அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தேன்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். யார் என்ன செய்தார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழக்கம். அவரைப் பற்றி நான் கவனித்தவை இவை. இணையக் கம்பிகளை இணைக்கும் புதிய சுவிட்ச் பெட்டி மாட்ட மதுரையிலிருந்து ஆள் வந்தபோது, அவர் கூடவே நின்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். கம்பி முனையில் பிளக் மாட்டும் கருவியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். ஓர் ஆய்வகத்தில் அறுந்த இணைப்பு திரும்ப வந்து பச்சை விளக்கு எரிந்ததும் கைதட்டினார். இத்தனையும் என் கண்ணால் பார்த்தவை. அவருக்குப் பிடித்தது நெட்வொர்க் என்று முடிவு செய்தேன்.

செயலரிடம் போய், நான் புரோகிராமராக இருக்கிறேன் என்றேன்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னபோது சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை. தண்ணீர் டப்பா நிரம்பி வழிந்தது.

"புரோகிராமா எடுத்திய?"

"ஆமாம்மா."

"சரி அண்ணாச்சி."

அன்று பிற்பகல் தேர்வறைப் புரோகிராமை எனக்கு ஒப்படைத்தார். எந்த வரி எதற்கு என்று விளக்கினார். நுழைவுச் சீட்டு அச்சிடும் பகுதி இன்னும் முடியவில்லை, அதை எப்படி எழுத வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததையும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ் போய்விட்டது. அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. புதிய வேலைக்குப் போகிற உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நெட்வொர்க் வேலையை அவர் நன்றாகவே செய்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் இடி விழுந்தால் சுவிட்ச் பெட்டிகள் வரிசையாக எரிந்து போகும். எரிந்ததைக் கழற்றி, கையிருப்பில் இருப்பதை ஆய்வகங்களுக்கும் நூலகத்துக்கும் மாட்டி, எல்லோருக்கும் இணைப்பு வந்த பிறகுதான் தன் அறைக்கு வருவார். வெட்டி எறிந்த துண்டுக் கம்பிகளை ஒட்டுப்போட்டுத் தன் கணினிக்கு இணைத்திருந்தார். காற்றடித்தால் அது அறுந்துவிடும்.

நாள் முழுக்க அவரை யாராவது கூப்பிடுவார்கள். பேராசிரியர் ஒருவருக்கு அவரைச் சீண்டுவதே பொழுதுபோக்கு.

"என்ன மேடம், உங்க நெட்டு மாட்டு வண்டி வேகத்துல வருது?"

"மாடு நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க ஏத்தி விட்டிருக்கிற பாரம் அப்படி. எத்தன படம் டவுன்லோடு ஆகுதுன்னு சொல்லட்டுமா?"

சுற்றி இருந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

நான் தேர்வறைப் புரோகிராமை வளர்த்தேன். நுழைவுச் சீட்டு சேர்ந்தது, மதிப்பெண் சேர்ந்தது. வேறு கல்லூரிகளும் கேட்டு வாங்கின. அதைப் பார்த்துச் சென்னையில் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. நேர்முகத்தில், இதை முதலில் எழுதியது நானில்லை, என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். வேலை எனக்குக் கிடைத்தது.

அந்தச் செய்தியை அவரிடம் சொல்லச் சர்வர் அறைக்குப் போனேன். அவர் தரையில் உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் முன்பு ஒட்டிய எண்கள் பல உரிந்திருந்தன.

"சந்தோசம் அண்ணாச்சி," என்றார். பிறகு கம்பியைப் பார்த்தபடியே கேட்டார். "ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நீங்க ஏன் நெட்வொர்க்க எடுக்கல?"

"உங்களுக்குப் பிடிக்கும்னுதான் விட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கா? யாரு சொன்னா?"

நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். மதுரை ஆளிடம் கேட்ட கேள்விகள், கைப்பையில் இருந்த கருவி, பச்சை விளக்கு. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிய நேரமானது.

"என் புரோகிராமு பாதியில நின்னுக்கிட்டே இருந்துச்சு அண்ணாச்சி. லைன் அறுந்து அறுந்து போச்சு. லைன் நின்னாத்தான புரோகிராம் ஓடும்? அதுக்காகத்தான் அவர்ட்ட கேட்டேன். அதுக்காகத்தான் அந்தக் கருவியத் தூக்கிட்டு அலைஞ்சேன்." கம்பியைக் கீழே வைத்தார். "கம்பிக்கெல்லாம் நம்பர் ஒட்டிக்கிட்டுத் திரியுத ஆளு நீங்க. படம் வரைஞ்சு சுவத்துல மாட்டுத ஆளு. நீங்க நெட்வொர்க்கத் தவிர வேற எதையும் எடுக்க மாட்டியன்னு இருந்தேன். அதனாலதான் உங்கள மொதல்ல எடுக்கச் சொன்னேன்."

உரிந்து தொங்கிய ஓர் எண்ணை விரலால் அழுத்தி மறுபடி ஒட்டினேன்.

"எனக்கு எப்பவும் சரியாத்தான் வரும் அண்ணாச்சி. எல்லாரும் எத எடுப்பாங்கன்னு பாத்தா, எனக்கு வேண்டியது தானா மிஞ்சும். தேருக்கு மாடி மிஞ்சும். தட்டுல காராச்சேவு மிஞ்சும். பெறகு நீங்கள்லாம் சேந்து லட்ட மிச்சம் வைக்க ஆரம்பிச்சிய. லட்டு எனக்குத் தொண்டையில எறங்காது."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்பா வச்சத எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அவருக்கும் ஆசைகள் இருந்தன, எங்களைப் போலவே. கேட்பது மட்டும்தான் அவரால் ஆகாத காரியம். கேட்காமலே கிடைக்க ஒரு வழியை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். நாங்கள் அவர்மேல் வைத்த பிரியம் அந்த வழியை அடைத்துவிட்டது.

"இப்ப என் இடம் காலியாகுது," என்றேன். "இன்னைக்கே செயலர்ட்ட போய்க் கேளுங்க."

"பாப்போம் அண்ணாச்சி."

"பாப்போம் இல்ல, கேளுங்க."

"அவங்களா கூப்பிட்டுக் குடுத்தா வேண்டாம்னு சொல்லப் போறனா?"

நானே செயலரிடம் போனேன். அந்தப் புரோகிராமின் ஆரம்பம் யாருடையது என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி வே, நல்ல புள்ளதான். ஆனா அவங்களுக்கு வேணும்னா அவங்க வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். எங்கிட்ட கேக்க என்ன பயம்? நான் என்ன புலியா, சிங்கமா?"

நான் சென்னைக்குப் போன பிறகும் கோமதி அக்காவிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "அவ எங்க போனா? செயலர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டு, யாரோ ஒருத்தருக்கு நெட்டு வரலன்னு போன் வந்ததும் திரும்பிட்டா," என்றார். புரோகிராமர் இடத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்தார். இவர் பழையபடி நெட்வொர்க்கிலேயே இருந்தார். பிறகு ராயகிரியில் திருமணமானது. மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து நான் இப்போது சங்கரன்கோவிலுக்கே திரும்பிவிட்டேன். அதே நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். போன மாதம் பள்ளிகளுக்கான ஒரு புரோகிராமைப் பார்த்துக்கொள்ள, வீட்டிலிருந்தே வேலை செய்ய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. அவர் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

முதலில், "எனக்கு எல்லாம் மறந்துட்டு அண்ணாச்சி," என்றார். பிறகு எந்த மொழியில் எழுத வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"அதுதான் எம் மவளுக்குக் காலேஜ்ல. அவளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு நானும் படிச்சேன். இப்ப அவள விட நான் நல்லா எழுதுதேன். அவளே சொல்லுதா."

குரல் மாறியிருந்தது. நுழைவுச் சீட்டுப் பகுதியைப் பற்றி அன்று பேசிய அதே வேகம். தரவுகளை எப்படிச் சேமிக்கிறோம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு இன்னொன்று கேட்டார்.

"வேற யாரும் கேக்கலியா அண்ணாச்சி?"

நான் உள்ளதைச் சொல்லிப் பழகியவன். "தென்காசியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. நான் இன்னும் அவர்ட்ட பேசல. மொதல்ல உங்களுக்குத்தான் போன் போட்டேன்."

"அவருக்கு இப்ப வேலை இருக்கா?"

"இல்ல. இருந்தது போயிட்டு."

"புள்ள குட்டி?"

"கைப்பிள்ளை ஒண்ணு இருக்குன்னாரு."

எதிர்முனையில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டு நின்றது. யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு போனுக்குத் திரும்பினார்.

"அப்ப அவருக்கே குடுத்துருங்க அண்ணாச்சி. பெறகு ஏதாவது மிஞ்சினா பாப்போம்."

"ஒரு இடம்தாம்மா இருக்கு."

"தெரியும் அண்ணாச்சி."

ஒரு வாரம் அவர் மறுபடி கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். நிறுவனத்தில் அவசரப்படுத்தினார்கள். தென்காசிக்காரர் திங்கட்கிழமை சேர்ந்தார். கெட்டிக்காரர். அவருடைய வேலையில் நான் இதுவரை குறை எதுவும் கண்டதில்லை.